ஆர்டி 350: இடது பக்கம் மட்டும் இழுக்க மாட்டேன் என்கிறது

ஆழியாறு350:
வணக்கமுங்க. 1985 மாடல் ராஜ்தூத் ஆர்டி 350, மாமா ஓட்டின வண்டி. ஒரு பட்டறையில் இரண்டு கார்ப்பையும் (கார்புரேட்டர்) கழற்றிக் கழுவி மாட்டினார்கள், அன்றிலிருந்து 2,500 ஆர்பிஎம் வரைக்கும் வண்டி உதறுகிறது, அதற்கு மேலே சரியாகிவிடுகிறது. வலது ப்ளக் காபிப்பொடி நிறம், இடது ஈரமாக ஒரே கறுப்பு. இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு சைலென்சர் பைப் மேல் தண்ணீர் தெளித்தால் வலதில் சொய்யென்று ஆவியாகிறது, இடதில் சும்மா வழிகிறது, அதாவது அந்தப் பக்கம் சரியாக எரியவில்லை. ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பிக் கை வலித்ததுதான் மிச்சம். இரண்டு கார்ப்பையும் ஒத்துப்போக வைக்க வாக்யூம் கேஜ் (உறிஞ்சும் அழுத்தம் பார்க்கும் மீட்டர்) வாங்க வேண்டுமாங்க?

லேத்துக்காரன்_கணபதி:
கேஜ் எதுக்குங்க? நாலு ஸ்ட்ரோக் நாலு சிலிண்டர் வண்டி என்றால் இன்டேக்கில் அதற்கென்று முனை இருக்கும், அங்கே கேஜ்தான் சரி. நம்ம டூ ஸ்ட்ரோக்கில் கார்ப்புக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் இரண்டு ஸ்லைடும் ஒன்றாக எழும்புகிறதா, அவ்வளவுதான் சங்கதி. முதலில் ப்ளக்கை இடம் மாற்றிப் பாருங்கள், கம்ப்ரஷன் பாருங்கள், இன்டேக் ரப்பரில் வெடிப்பு இருந்தால் என்ன செட்டிங் செய்தாலும் நிற்காது.

அப்புறம் ஏர் ஃபில்டர் ரப்பரைக் கழற்றிவிட்டு, ஒரே ட்ரில் பிட்டின் வால் பக்கத்தை இரண்டு ஸ்லைடுக்கு அடியிலும் மாறி மாறி வைத்து, லேசாகப் பிடிக்கும் அளவுக்கு ஐடில் ஸ்க்ரூவை வையுங்கள். ஏர் ஸ்க்ரூ இரண்டும் ஒன்றரைச் சுற்றில் ஆரம்பிக்கலாம். இனி கேபிள். வீட்டில் யாரையாவது ஆக்சிலேட்டரை மெதுவாக, மெதுவாக என்றால் நிஜமாகவே மெதுவாக, முறுக்கச் சொல்லிவிட்டு இரண்டு கார்ப் வாயிலும் ஒவ்வொரு விரலை விட்டு ஸ்லைடைத் தொட்டுக்கொண்டே இருங்கள். எது பின்னால் கிளம்புகிறதோ அதன் மூடி மேலே இருக்கும் அட்ஜஸ்டரை வெளியே திருப்பி லாக் நட்டை இறுக்க வேண்டியதுதான். கண்ணைவிட விரல் நல்லாச் சொல்லும். கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும்.

பம்ப்செட்டு:
அண்ணன் ஒன்றை விட்டுவிட்டார். ஆக்சிலேட்டர் கேபிள் மூன்றாகப் பிரிகிறது, மூன்றாவது இன்ஜினுக்கு ஆயில் ஊட்டும் பம்புக்குப் போகிறது. கார்ப் கேபிளைத் தொட்டால் பம்பில் இருக்கும் அளவுக் குறியையும் திரும்பச் சேர்த்து வைக்க வேண்டும். நான் மறந்துவிட்டு வால்பாறை ஏறினேன். 40 வளைவில் ஒன்பதாவதைக்கூடத் தாண்டவில்லை, அந்த வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூவில் எல்லோரும் ஆழியாறு அணையைப் படம் எடுத்துக்கொண்டிருக்க நான் ஆயில் போதாமல் பிஸ்டன் ஜாமாகி நிற்கிறேன்.

ஆழியாறு350:
கண்டுபிடித்துவிட்டேனுங்க! இடது கேபிளின் வெளி உறை அட்ஜஸ்டர் குழிக்குள் உட்காராமல் விளிம்பில் தொத்திக்கொண்டிருந்தது. அதனால் உள்ளே கம்பி இறுகி ஸ்லைடு சரியாக அடியில் உட்காரவுமில்லை, ஒன்றாக எழும்பவுமில்லை. உட்கார வைத்து, விரல் வைத்துச் சரிசெய்து, பம்ப் குறியும் பார்த்தாயிற்று. இப்போது இரண்டு பைப்பும் சொய்ங்குது. ஆனால் ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்தால் ஐடில் ஏறுகிறது?

லேத்துக்காரன்_கணபதி:
டேங்குக்கு அடியில் கேபிள் இழுபடுதுங்க. டேங்கைத் தூக்கி வழியை மாற்றி விடுங்க, அதுவரைக்கும் மலைப்பக்கம் போக வேண்டாம்.