வினாகிரியில் ஊறிய பழைய பயனெற்: கழுவிய அன்றே செந்துரு படிகிறது

கேள்வி – நெடுங்கேணியிலிருந்து

வணக்கம். என் அப்பப்பா இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வவுனியாவில் இருந்த பிரித்தானிய விமானப்படைத் தளத்தில் கூலி வேலை செய்தவர். அங்கு கழித்துவிட்ட சாமான்களோடு துவக்கின் முனையில் பூட்டும் பயனெற் ஒன்றையும் அவர் கொண்டுவந்தார் என்பது வீட்டுக் கதை. பிறகு அது காட்டில் தேன் வதை அறுக்கும் கத்தியாக இருந்தது. நாங்கள் இடம்பெயர்ந்த காலத்தில் வவுனியாவில் பெரியம்மா வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்ததால் தப்பிவிட்டது.

கத்தி முழுவதும் துரு ஏறியிருந்தபடியால், பிடியையும் சேர்த்து ஓர் இரவு முழுவதும் வினாகிரியில் ஊறவைத்தேன். காலையில் துரு கழன்று இரும்பு சாம்பல் நிறமாக வந்தது. கிணற்றுத் தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் செம்மண் பூசியது போல மறுபடியும் துரு. இரண்டாம் முறையும் அப்படியே. தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தேன், அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொண்டது. பட்டறையில் கொடுத்துக் கிரைண்டர் பிடிக்கலாமா? பிடியின் ஒரு பக்கம் கருமையான பழைய மரம், மறுபக்கம் அப்பப்பா செதுக்கிப் பூட்டிய முதிரை. இரண்டையும் புதிதாக மாற்றலாமா? கத்தியின் அடியில் அரச முடிச் சின்னமும் 1907 என்ற எண்ணும் உள்ளன. அதுதான் செய்த ஆண்டா?

மறுமொழி – வவுனியா, பழைய இரும்புச் சாமான் திருத்துபவர்

தம்பி, முதலில் கிரைண்டரை மறந்துவிடுங்கள். அது துருவோடு சேர்த்துப் பொறிப்புகளையும் தின்றுவிடும். அத்துடன், அரைக்கும் சூட்டில் இரும்பு நீலம் பாரித்தால், கொல்லன் அதற்குக் கொடுத்த பதம் போய்விடும். மறுபடி காய்ச்சிப் பதமேற்றாமல் அதைத் திருப்ப முடியாது.

உங்கள் கத்தி மறுபடி துருப்பிடிப்பதற்குக் காரணம் பழைய துரு அல்ல. வினாகிரி துருவைக் கரைத்த பின் மேல்தோல் உரிந்த இரும்பு எந்தக் காப்பும் இல்லாமல் நிற்கிறது, நுண்துளைகளில் அமிலமும் மிஞ்சியிருக்கிறது. அதன்மேல் உப்பும் சுண்ணாம்பும் கலந்த நமது கிணற்றுத் தண்ணீரை ஊற்றி மெதுவாகக் காயவிட்டால் வேறென்ன நடக்கும்? ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, பழைய பற்தூரிகையால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் அமிலம் முறிந்துவிடும்.

இனி முக்கியமான வேலை. செந்துருவைக் கொதிநீரில் வேகவைத்தால் அது கரிய துருவாக மாறும். கரிய துரு இரும்போடு ஒட்டி நின்று அதைக் காக்கும் வகை. துத்தநாகம் பூசாத, ஒரு முனையை அடைத்துப் பற்றவைத்த இரண்டங்குல இரும்புக் குழாயை ஒட்டுவேலைக் கடையில் செய்விக்கலாம். கத்தியின் அலகு ஏறத்தாழ 17 அங்குலம்; குறுக்குப்பிடி குழாயின் வாயில் தொங்கிக்கொள்ளும், ஒரு லீற்றர் தண்ணீர் போதும். மழைநீர் நல்லது, இல்லையெனில் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்குங்கள், ஆனால் கடைக்காரர் தவறுதலாக அசிட்டைத் தந்துவிடாமல் போத்தலைப் பார்த்து வாங்குங்கள். பிடி மரங்களைக் கழற்றிவிட்டு, வாயை மூடாமல், அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். வெளியே எடுத்ததும் கரிய தூளை மிக மென்மையான கம்பிநாரால் வருடி எடுங்கள், உரசக் கூடாது. செந்நிறம் தெரிந்தால் மறுபடி கொதிக்கவையுங்கள். கொதிநீரின் சூடு உருக்கின் பதத்தைத் தொடாது.

சூடு ஆறுவதற்குள் தையல் இயந்திர எண்ணெயைப் பூசுங்கள். தேங்காயெண்ணெயும் வேப்பெண்ணெயும் காலப்போக்கில் கெட்டு அமிலமாகும். பொருளாதாரத் தடைக்காலத்தில் எண்ணெய் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பூசிப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

1907 என்பது அந்த மாதிரிக்குப் பெயரிட்ட ஆண்டு, உங்கள் கத்தி பிறந்த ஆண்டு அல்ல. அதற்குக் கீழே சிறிய எண்கள் இருக்கும். 1, 18 என்று இருந்தால் 1918 ஜனவரி. பக்கத்தில் செய்தவரின் பெயரும், மறுபக்கத்தில் அரசச் சொத்தைக் குறிக்கும் அம்பும், வளைத்துச் சோதித்ததைக் காட்டும் பெருக்கல் குறியும் இருக்க வேண்டும். குறுக்குப்பிடியின் கீழ்ப்புறம் கொக்கிபோல் வளைந்த முனை இருந்தால் அது 1913இல் பிரித்தானியர் கைவிட்ட அரிய வடிவம். பிடித்தலையில் சிறிய துளை இருந்தால் 1916இலோ அதன் பின்னரோ செய்தது, அல்லது பின்னர் துளையிட்டது.

மறுமொழி – கிளிநொச்சி, தச்சுவேலை

பிடியின் மரங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கருமையான பக்கம் பெரும்பாலும் வால்நட் மரமாக இருக்கும். முதிரைப் பக்கத்தைக் கழற்றி எறிய வேண்டாம். அது தொழிற்சாலை மரத்தைவிட உறுதியானது. திருகாணிகள் சரியாக இறங்குகின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஆணித்தலைக் கீறலுக்குப் பொருந்தாத திருப்புளியால் திருகினால் கீறல் பிய்ந்துவிடும், முதலில் மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு வையுங்கள். ஊறிய மரம் நிழலில் முழுதாகக் காய்ந்த பின் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேயுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி வைக்காமல் விரித்துக் காயவையுங்கள், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக் கூடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. எண்கள் 1, 18தான், துளையும் இருக்கிறது. தோல் உறை விறைத்துப்போய் உள்ளது, கத்தியை அதற்குள்ளேயே போட்டு வைக்கலாமா? பெட்டியின் அடியில் பழைய தோட்டாக்கள் இரண்டும் கிடந்தன. அவற்றையும் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று எண்ணுகிறேன்.

மறுமொழி – வவுனியா

தோட்டாக்களைத் துடைக்க வேண்டாம், தட்ட வேண்டாம், எங்கும் எடுத்துச் செல்ல வேண்டாம். பெட்டியை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, பொலிஸுக்கு அறிவியுங்கள். எத்தனை ஆண்டு கிடந்தாலும் வெடிமருந்து உயிரோடு இருக்கலாம். அத்துடன் 1916ஆம் ஆண்டிலிருந்தே துவக்குகளுக்கான கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அனுமதியின்றித் தோட்டா வைத்திருப்பது வேறு வில்லங்கம். கத்தியைப் பற்றியும் அதே நேரத்தில் சொல்லி, வீட்டில் வைத்திருக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். நம் ஊரில் சொல்லாமல் வைத்திருந்தவர்கள் பட்டது போதும். அந்தப் பதில் வரும் வரை கொதிக்கவைக்கும் வேலையையும் தொடங்காதீர்கள்.

உறையைப் பொறுத்தவரை, கத்தியை அதற்குள் போடவே கூடாது. பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், தோலின் அமிலமும் இரும்பைத் தின்னும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே மாதத்தில் உங்கள் உழைப்பெல்லாம் வீண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக வையுங்கள்.

கேள்வி கேட்டவர் – மூன்று வாரங்களுக்குப் பின்

தோட்டாக்களைப் பொலிஸார் எடுத்துச் சென்றுவிட்டார்கள். கத்தியைப் பார்த்து விபரம் எழுதிக்கொண்டு, வீட்டில் வைத்திருக்க விட்டார்கள். மூன்று முறை கொதிக்கவைத்தேன். முதல் முறை தூள் நிறைய வந்தது, மூன்றாம் முறை விரலில் ஒட்டவே இல்லை. முடியும் அம்பும் இப்போது தெளிவாகத் தெரிகின்றன. முதிரைப் பிடியின் உட்புறத்தில், கழற்றியபோதுதான் கண்டேன், அப்பப்பா ஆணியால் கீறிய அவரது பெயரின் முதலெழுத்து இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு எண்ணெய் பூசவில்லை.