சதுர ஓட்டை

இரவு 9:12

அத்தை: மூன்று புத்தகத்தையும் படித்து முடித்துவிட்டேன். யாருக்கு எது வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். ஒன்றை மட்டும் தரமாட்டேன்.

தம்பி: எதை அத்தை?

அத்தை: நத்தைப் புத்தகத்தை.

பெரியப்பா: நத்தைக்கு ஒரு புத்தகமா! கதை நகருமா?

அத்தை: சிரியுங்கள் அண்ணா. நீங்கள் பாதியில் மூடி வைத்த மர நாவலில் பாதிகூட இருக்காது இது. எழுதியவர் எலிசபெத் டோவா பெய்லி. 34 வயதில் நோய் வந்து படுத்த படுக்கையாகிவிடுகிறார், புரண்டு படுப்பதே பெரிய வேலை. பார்க்க வந்த தோழி காட்டு வயலட் செடியை ஒரு தொட்டியில் வைத்து, கூடவே ஒரு நத்தையையும் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலருகே வைத்துவிட்டுப் போகிறார். இவருக்கு எரிச்சல். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று. அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால், பக்கத்தில் கிடந்த கடித உறையில் ஓர் ஓட்டை. சதுரமாக.

நான்: சதுரமாகவா?

அத்தை: அங்கேதான் நானும் மாட்டிக்கொண்டேன். நத்தையின் நாக்கில் ஆயிரக்கணக்கான பற்கள், அரம் மாதிரி வரிசையாக. வாடிய பூவிதழை அது தின்னும் சத்தம் இவர் காதில் விழுகிறது. எவ்வளவு அசையாமல் கிடந்தால் அது கேட்கும், நினைத்துப் பாருங்கள்.

அக்கா: அழவைக்கும் புத்தகமா அத்தை? இப்போதைக்கு அதெல்லாம் வேண்டாம் எனக்கு.

அத்தை: இல்லைடி. அதனால்தான் பிடித்தது. தன் நோயைப் பற்றி இரண்டு வரி, நத்தையைப் பற்றி இரண்டு பக்கம். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது இந்தக் குழுவில் எத்தனை செய்தி போட்டேன் என்று யாரும் எண்ணிப் பார்க்க வேண்டாம்.

பெரியப்பா: எண்ணியாகிவிட்டது. 41.

நான்: 😂 மர நாவல் எப்படி?

அத்தை: ரிச்சர்ட் பவர்ஸின் 'தி ஓவர்ஸ்டோரி'. 2019இல் புலிட்சர் பரிசு வாங்கியது. தொடக்கம் அபாரம். ஒரு விவசாயக் குடும்பம், வயலில் ஒற்றைச் செஸ்ட்நட் மரம். மாதம் ஒரு படம், ஒரே இடத்தில் நின்று. அப்பா எடுக்கிறார், பிறகு மகன், பிறகு பேரன். அடுக்கி வைத்துச் சரசரவென்று புரட்டினால் முக்கால் நூற்றாண்டு மரம் நொடிகளில் வளர்ந்துவிடுகிறது. அந்தக் குடும்பத்தின் பிறப்பு, சாவு, சண்டை எதுவும் எந்தப் படத்திலும் இல்லை.

அக்கா: அமெரிக்கச் செஸ்ட்நட் என்றால் பூஞ்சை நோயில் அழிந்த மரம்தானே? 1904இல் நியூயார்க்கில் கண்டுபிடித்தார்கள். அரை நூற்றாண்டுக்குள் ஏறக்குறைய 400 கோடி மரம் போய்விட்டது.

அத்தை: அதேதான். இந்த ஒன்று மட்டும் தன் இனத்தை விட்டுத் தள்ளி நின்றதால் தப்பிக்கிறது. அந்த அத்தியாயத்தோடு நிறுத்தியிருக்கலாம். போகப்போக ஆளாளுக்கு மேடை ஏறிவிடுகிறார்கள். எல்லோரும் மரத்துக்காகப் பேசுகிறார்கள், மரத்தைத்தான் காணோம். 500 பக்கம்!

பெரியப்பா: இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். காது சரியாகக் கேட்காத அந்த விஞ்ஞானியை மறந்துவிட்டாயா? பூச்சி அரித்தால் மரங்கள் ஒன்றையொன்று எச்சரிக்கின்றன என்று கண்டுபிடிக்கிறாள். சக ஆட்களே ஏளனம் செய்து துரத்துகிறார்கள். வருடங்கள் கழித்து அவள் சொன்னதே சரி என்று ஆகிறது. அவளுக்காகவே படிக்கலாம்.

அத்தை: சரி, அவளை விட்டுவிடுகிறேன். மற்றவர்களைத் தாங்க முடியவில்லை.

நான்: மூன்றாவது நான் கொடுத்ததுதானே? வல்லூறு?

அத்தை: ஜே. ஏ. பேக்கரின் 'தி பெரிகிரின்', 1967. பொரி வல்லூற்றைத் தேடி அலையும் ஒருவரின் நாட்குறிப்பு. இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கம், அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை. அவருக்கு வீடு உண்டா, வேலை உண்டா, ஒரு வார்த்தை இல்லை. பறவை, வானம், பிய்த்துப்போட்ட இறகு. மறுபடி பறவை. நடுநடுவே மூடி வைத்துவிட்டுத்தான் படித்தேன். ஆனால் தேதி போட்டு எழுதியதால் கூடவே நடந்த மாதிரி இருந்தது.

நான்: அத்தை, ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. அவர் சுற்றியது பத்துக் குளிர்காலம். அதை ஒன்றாகச் சுருக்கித்தான் அந்த நாட்குறிப்பு.

அத்தை: என்ன!

பெரியப்பா: அப்படியென்றால் அதுவும் நாவல்தான். என் கட்சிக்கு வந்துவிட்டாய் தங்கச்சி.

அத்தை: ஏன் முன்னாலேயே சொல்லவில்லை? நவம்பர் மாத மூடுபனியில் அவர் நின்றபோது எனக்கே குளிரெடுத்தது.

அக்கா: மூடுபனி பொய்யாக இருக்காது அத்தை, தேதிதான். அவர் அப்படி விடாமல் அலைந்ததற்கும் காரணம் உண்டு. டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தின்ற பூச்சியைப் பறவை தின்று, அந்தப் பறவையை வல்லூறு தின்று, விஷமெல்லாம் அதன் உடம்பில் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்தாலே நொறுங்கியது. ஓடு மெலிந்துபோனதை டெரெக் ராட்கிளிஃப் என்பவர் ஆய்வாக வெளியிட்டதும் அதே 1967தான்.

அத்தை: அப்போது அவர் தேடிப்போனது நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற பறவையை.

அக்கா: ஆமாம். பிறகு மீண்டுவிட்டது. அமெரிக்காவில் 1999இல் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அத்தை: மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன். இதையும் யாருக்கும் தர மாட்டேன்.

பெரியப்பா: மர நாவலை எனக்கே அனுப்பிவிடு. பாக்கிப் பாதி இருக்கிறது.

இரவு 10:47

தம்பி: [படம்] தொட்டிக்கு அடியில் ஒன்று கிடைத்தது. உறைமேல் விட்டிருக்கிறேன்.

அக்கா: டேய், அது எனக்கு வந்த கடிதம்!

காலை 6:20

அத்தை: ஓட்டை விழுந்ததா?

தம்பி: இல்லை அத்தை. ஓரம்வரை பளபளவென்று ஒரு கோடு. நத்தையைக் காணோம்.

அத்தை: வீட்டில் எல்லோரும் செருப்பை உதறிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.