புதுப்பிப்பு: குதிரை காலை ஊன்றிவிட்டது

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்தில் எங்கள் குதிரை முன்னங்காலைத் தூக்கியபடியே நிற்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். சுளுக்கென்று நினைத்து எண்ணெய் தேய்த்தது என் தவறு. குளம்பைத் தொட்டுப் பாருங்கள் என்று சொன்ன அக்காவுக்கு நன்றி, தொட்டால் கொதித்தது.

லாடக்காரர் அடிக்குளம்பைக் கத்திமுனையால் மெல்லச் சுரண்டியதும் கறுத்த சீழ் பீறிட்டது. அப்படி ஒரு நாற்றம்! மறுநாளே காலை ஊன்றியது. கால்நடை மருத்துவர் டெட்டனஸ் ஊசி போட்டார். குதிரைகளை அந்நோய் எளிதில் தாக்குமாம். எப்சம் உப்பு (மக்னீசியம் சல்ஃபேட்) கரைத்த வெந்நீரில் குளம்பை ஊறவைத்துக் கட்டுகிறோம்.

குளம்பு மாதத்திற்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். சீழ் வெளியேறச் சுரண்டிய துளை, குளம்பு வளர வளர மறையப் பல மாதங்களாகும். மழைச்சேற்றில் விடாமல், மரத்தூள் பரப்பிய கொட்டகையில் கட்டியிருக்கிறேன்.