பரம்பரைப் புற்றுநோய்: வீடியோவில் தமிழில் பேசும் மரபணு ஆலோசகர் தேவை

அக்காவுக்கு (38) இந்த வருடம் மார்பகப் புற்றுநோய், டிரிபிள் நெகட்டிவ் வகை (ஹார்மோன் சிகிச்சை பலன் தராத வகை). பரிசோதனையில், மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.-1 மரபணுவில் நோய் உண்டாக்கும் மாற்றம் இருப்பது தெரிந்தது. அம்மா 51 வயதில் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். எனக்கு 33, தம்பிக்கு 29. எங்கள் ஒவ்வொருவருக்கும் அந்த மாற்றம் வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஆண்களும் அதைப் பிள்ளைகளுக்குக் கடத்தலாம் என்பதைத் தம்பி ஏற்கவே மாட்டேன் என்கிறான்.

இருப்பது தென்காசிப் பக்கம், கைக்குழந்தையோடு. இங்குள்ள மருத்துவர் சென்னைக்குப் போகச் சொன்னார். அங்கே ஒரு மருத்துவமனையில் நேரில் வந்தால்தான் ஆலோசனை என்றார்கள். பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைத்தவர் அறிக்கையை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு போனை வைத்துவிட்டார். வேறொரு இடத்தில் வீடியோ வசதி உண்டு, தமிழ் இல்லை. அம்மாவின் தங்கைகளும் கூட உட்கார்ந்து கேட்க வேண்டும், அவர்களுக்கும் இதே ஆபத்து இருக்கலாம்.

அக்காவின் அறிக்கை இருப்பதால் எங்களுக்கு அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று படித்தேன். அப்புறம் என்ன செய்வது என்பதுதான் பயம்: வருடாந்தர எம்ஆர்ஐயா, சினைப்பையை எடுப்பதா, எந்த வயதில்?

பரிசோதனைக்கு முன்பும் பின்பும் வீடியோவிலேயே தமிழில் பேசும் மரபணு ஆலோசகர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?