சோதனையில் நெகட்டிவ் வந்த மாட்டுக் கொத்துக்கறியை ஏன் திரும்பப் பெறுகிறார்கள்?

குளிரறை:
அமெரிக்க மாட்டிறைச்சி ஆலைகள் பற்றிய கேள்வி. கொத்துக்கறிக்குப் போகும் துண்டுகளை லாட் (ஒரே தொகுதிச் சரக்கு) வாரியாக ஈ.கோலை ஓ157:எச்7 என்ற நோய்க்கிருமிச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். முடிவு நெகட்டிவ் என்று வந்த பிறகுதான் சரக்கு வெளியே போகிறது. அப்படியும் ரீகால் வருகிறதே, சோதனையில் ஓட்டை எங்கே? கார்கஸை (தோலுரித்த முழு உடலை) வெந்நீரில் கழுவி லாக்டிக் அமிலமும் அடிக்கிறார்கள். அதையும் தாண்டிக் கிருமி எப்படி மிஞ்சுகிறது? ஸ்டேக் உள்ளே சிவப்பாக இருந்தாலும் சாப்பிடுகிறார்கள், பர்கர் மட்டும் 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்பதும் இதனால்தானா?

தோல்மேடை:
ரெண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், விஷயமே அங்கதான் இருக்கு. இந்தக் கிருமி மாட்டோட குடல்ல இருக்கும், மாட்டுக்கு எந்த நோவும் வராது. சாணம் வழியா தோல்ல ஒட்டும். உள்ளே இருக்கிற சதை சுத்தம். அதனால தோலை உரிக்கிற அந்த சில நிமிஷத்துலதான் கறி கெட்டுப்போகுது.

முதல் கீறல் போட்ட கத்தி வெளித்தோலைத் தொட்டிருக்கும். அதை 82 டிகிரி தண்ணியில முக்கி வெச்சுட்டு இன்னொரு கத்தியை எடுக்கணும். அதுக்கப்புறம் உள்ளேயிருந்து வெளியே பார்த்துதான் அறுக்கணும், வெளியேயிருந்து உள்ளே குத்தினா மயிரும் சாணமும் சதைக்குள்ள போயிடும். தோலைப் பிடிக்கிற கை கறி மேல படக் கூடாது. தோல் இழுக்கிற மெஷின் இழுத்து முடிக்கிற நேரத்துல வால் சுழட்டி அடிக்கும், சாணத் துளி பக்கத்து உடல் வரைக்கும் தெறிக்கும். அதுக்குத்தான் வாலுக்குப் பை மாட்டுறது. மலக்குடலைச் சுத்தி அறுத்துப் பை போட்டுக் கட்டணும். உணவுக்குழாயையும் கட்டணும், இல்லைன்னா இரைப்பையில இருக்கிறது கழுத்துக் கறி மேல வழியும்.

பெரிய ஆலையில மணிக்கு 300 மாட்டுக்கு மேல ஓடுது. ஒரு ஆளுக்கு ஒரு மாட்டுக்குக் கிடைக்கிறது 12 நொடிக்கும் கம்மி. கத்தியை முக்கிற வேலைதான் முதல்ல விட்டுப்போகும். லைன் வேகத்தைக் கூட்டி ஆளைக் கூட்டலைன்னா, பின்னாடி எத்தனை அமிலம் அடிச்சாலும் ஈடாகாது.

கழுவுறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. கண்ணுக்குத் தெரியிற சாணத்தைத் தண்ணி அடிச்சுக் கழுவ அங்கே அனுமதியே இல்லை, அது பரவத்தான் செய்யும். கத்தியால வெட்டி எடுக்கணும். ஒரு அங்குலத்துக்கும் சின்னக் கறையா இருந்தா நீராவி அடிச்சு உறிஞ்சி எடுக்கிற வாக்குவம் போடலாம். இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் வெந்நீர்: கறியோட மேற்பரப்பே 74 டிகிரி தொடணும், குறைஞ்சது 10 நொடி. பின்னாடி 2 முதல் 5 சதவீத லாக்டிக் அமிலம். எண்ணிக்கை நல்லாவே குறையும், ஆனா பூஜ்யம் ஆகாது. சதை மடிப்பு, கொழுப்புக்கு அடியில ஒட்டினது தப்பிச்சிடும். தண்ணி பீய்ச்சுற நாஸில் ஒண்ணு அடைச்சுக்கிட்டா அந்தப் பட்டை முழுக்க நனையாமலே குளிர் அறைக்குப் போயிடும்.

மாதிரிக்கணக்கு:
சோதனையின் ஓட்டையைக் கணக்காகவே பார்க்கலாம். அந்த முறைக்கு என்60 என்று பெயர். ஒரு காம்போ தொட்டியில் சுமார் 900 கிலோ துண்டுகள். ஐந்து தொட்டி வரை ஒரே லாட். அதிலிருந்து 60 துண்டுகளின் வெளிப்பரப்பை மட்டும் மெல்லிய சீவலாக எடுப்பார்கள், மொத்தம் ஏறக்குறைய 375 கிராம்.

துண்டுகளில் 5 சதவீதத்தில் கிருமி இருந்தால் 60 மாதிரியில் ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு 95 சதவீதம். கிருமி 1 சதவீதத் துண்டுகளில் மட்டும் என்றால் அது 45 சதவீதமாக இறங்கிவிடும். ஆயிரத்தில் ஒன்று என்றால் 6 சதவீதம்கூட இல்லை. பெரும்பாலான நாட்களில் ஆலையின் நிலைமை இந்தக் கடைசி வரிசையில்தான் இருக்கும். சாணம் ஒரே சீராகப் பரவுவதில்லை, திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். நெகட்டிவ் முடிவு அந்த லாட் தூய்மை என்று சொல்வதில்லை, தோல் உரிக்கும் மேடையில் அன்று பெரிய கோளாறு நடக்கவில்லை என்றே சொல்கிறது.

குளிரறை:
அப்படியானால் 120 மாதிரி எடுத்தால் தீராதா?

மாதிரிக்கணக்கு:
1 சதவீதக் கணக்கில் 45 என்பது 70 ஆகும், அவ்வளவுதான். அந்தச் செலவைத் தோல் மேடையில் போடுவதே புத்திசாலித்தனம். முடிவுகளைத் தனித்தனி லாட்டாக மட்டும் பார்க்கவும் கூடாது. ஒரே நாளில் பல லாட் பாசிட்டிவ் வந்தால், அன்று அதே லைனில் வந்த நெகட்டிவ் லாட்டுகளையும் கொத்துக்கறிக்கு விடாமல் வேக வைக்கும் பொருளுக்குத் திருப்ப வேண்டும். இதைச் செய்யாத ஆலைகளில்தான் ரீகால் பெரிதாக வெடிக்கிறது.

அரைவைப்பகுதி:
ரீகாலோட அளவு அரவை மேடையிலதான் முடிவாகுது. 1997ல நெப்ராஸ்கா மாநிலம் கொலம்பஸ்ல இருந்த ஹட்சன் ஃபுட்ஸ் ஆலை 2.5 கோடி பவுண்டு, அதாவது 11,000 டன்னுக்கு மேல திரும்பப் பெற்றது. முந்தின நாள் மிச்சத்தை மறுநாள் அரவையில கலக்குற பழக்கம் அங்கே இருந்தது. ஒரு நாள் கறி அடுத்த நாளுக்குப் போற சங்கிலி எந்த நாள்ல அறுந்ததுன்னு காட்டவே முடியலை. அதனால தினமும் மிச்சத்தைக் கொத்துக்கறியில சேர்க்காம ஒதுக்கணும், மெஷினை முழுசாப் பிரிச்சுக் கழுவணும், எந்த லாட் எந்த நேரம் அரவைக்குள்ள போச்சுன்னு எழுதி வெக்கணும்.

பர்கர் கேள்விக்கு: முழு ஸ்டேக்ல கிருமி வெளிப்பக்கத்துல மட்டும், சட்டியில பட்டதும் செத்துடும். அரைச்சா வெளிப்பக்கம் உள்பக்கம் ஆயிடுது. இந்தக் கிருமி 100க்கும் குறைவா உள்ளே போனாலே நோய் வரலாம், குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழக்கலாம். 1992-93ல ஜாக் இன் தி பாக்ஸ்ங்கிற அமெரிக்க உணவகச் சங்கிலியோட பர்கரால பரவின நோய்ல 4 குழந்தைகள் இறந்தாங்க. அதுக்கப்புறம் 1994லதான் கொத்துக்கறியில இந்தக் கிருமி இருந்தாலே கலப்படம்னு அரசு அறிவிச்சது. நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, சில கறி 71 தொடுறதுக்கு முன்னாடியே பழுப்பாயிடும். பர்கர் கறித்தட்டையோட பக்கவாட்டுல நடு வரைக்கும் தெர்மாமீட்டர் முனையைச் செருகிப் பார்க்கணும்.

ஊசி குத்தி மிருதுவாக்கின ஸ்டேக்கை முழுத் துண்டா நினைக்காதீங்க, ஊசி கிருமியை உள்ளே தள்ளிடும். 2016லருந்து அதை லேபிள்ல போடணும். அதுக்கு 63 டிகிரி, இறக்கின பிறகு 3 நிமிஷம் விடணும்.

தோல்மேடை:
ஒண்ணு சேர்க்கணும். சால்மொனெல்லாங்கிற இன்னொரு கிருமிக்கு இந்த மேற்பரப்புக் கணக்கு பாதிதான் பொருந்தும். அது கொழுப்புக்குள்ள புதைஞ்ச நிணநீர்க் கணுக்கள்ல தங்கும். வெந்நீரும் அமிலமும் அங்கே எட்டாது, வெளிப்புறச் சீவல் சோதனையிலயும் தெரியாது. எலும்பு நீக்குற மேடையில பெரிய கணுக்களைக் கத்தியால எடுத்துட்டுத்தான் துண்டுகளை அரவைக்கு அனுப்பணும்.