போர்டு மெம்பர்னா கணக்குக்கு கையெழுத்து போட்டுட்டு போறவரா, இல்ல கிளாஸைப் பத்தியும் கேக்கலாமா?

கணக்குப்பிள்ளை:
பசங்களுக்கு இசை, நாடகம், ஓவியம் சொல்லிக்குடுக்குற ஒரு அமைப்போட போர்டுல கொஞ்ச வருஷமா இருக்கேன். சம்பளம் கிடையாது, வந்து போற செலவும் நம்மளதுதான், அதைப் பத்தி புலம்ப வரல. போன மீட்டிங்ல வருஷக் கடைசி நிகழ்ச்சிக்கு பட்ஜெட் வெச்சாங்க. ஹால் வாடகை, லைட்டு, சவுண்டு, காஸ்ட்யூம், வீடியோன்னு கூட்டிப் பாத்தா நாடக டீச்சர்களுக்கு வருஷம் பூரா குடுக்குற சம்பளத்தைத் தாண்டுது. ஒரு சாயங்காலத்துக்கு இவ்வளவா, இதுல பாதியை வெச்சு இன்னொரு பேட்ச் நடத்தலாமேன்னு கேட்டேன். அமைப்பை ஆரம்பிச்சவங்கதான் இன்னைக்கும் டைரக்டர். "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்றவங்களுக்கு கிளாஸைப் பத்தி என்ன தெரியும், நீங்க கணக்கை மட்டும் பாருங்க"ன்னு பட்டுன்னு சொல்லிட்டாங்க. மத்த மெம்பர்ஸ் எல்லாம் ஃபோனை நோண்டிட்டு இருந்தாங்க, பட்ஜெட் பாஸ் ஆயிடுச்சு.
என் கட்சி இதுதான். காசு எங்க போகுதுன்னு கேட்டாலே கிளாஸ்ல என்ன நடக்குதுன்னு கேட்டதா தானே அர்த்தம், அதெப்படி தனித்தனியா பிரிக்கிறது? நீங்க என்ன சொல்றீங்க?

நாடகடீச்சர்:
நான் எதிர்ப்பக்கம். வேற அமைப்பு, ஆனா அதே கதை. எங்க போர்டுல ஒரு பெரியவர், நல்ல மனுஷன், பிசினஸ்ல இருந்தவர், ஒருநாள் கிளாஸ் பாக்க வந்தார். 12 பசங்க, ரெண்டு ரெண்டு பேரா எதிர் எதிர்ல உக்காந்து ஒருத்தர் செய்றதை இன்னொருத்தர் கண்ணாடி மாதிரி திருப்பி செய்ற பயிற்சி. யாரும் பேசக்கூடாது. சேந்த நாள்ல இருந்து தலையே நிமிராத ஒரு பொண்ணு அன்னைக்குத்தான் எதிர்ல இருந்த பையன் கண்ணைப் பாத்து மெதுவா கையைத் தூக்குனா, அவன் தூக்குற வரைக்கும் காத்திருந்து இன்னொரு கையையும் தூக்குனா. எனக்கு அந்த டெர்ம்லயே பெரிய சம்பவம் அதுதான், ஏன்னா அதுக்கு முன்னாடி அவ யாரையும் முன்நடத்துனதே இல்ல. நம்ம பெரியவர் பின்னாடி நின்னு எல்லாத்தையும் பாத்துட்டு அடுத்த மீட்டிங்ல போய் "டீச்சர் சும்மாதான் உக்காந்திருக்காங்க, தாராளமா 30 பேரை சேக்கலாம்"னு சொல்ல, தீர்மானமும் போட்டாங்க. 30 பேரை வெச்சுக்கிட்டு அந்தப் பயிற்சியை செய்ய முடியாது. சத்தமா பேசுற பசங்க முன்னாடி வருவாங்க, மத்தவங்க பின்னாடி போயிடுவாங்க, அவ்வளவுதான். அந்தப் பொண்ணு கிளாஸுக்கு வர்றதையே நிறுத்திட்டா.
இப்ப சொல்லுங்க, உங்களுக்கு கிளாஸ்குள்ள என்ன வேலை?

கணக்குப்பிள்ளை:
அவர் தப்பான கேள்வி கேட்டார்ங்கிறதுக்காக யாருமே கேள்வி கேக்கக்கூடாதுன்னு ஆயிடுமா மேடம்? அவர்கிட்ட யாராவது உக்காந்து அந்த பயிற்சி என்னன்னு விளக்குனீங்களா?

நாடகடீச்சர்:
விளக்க எங்களை மீட்டிங்குக்கு கூப்ட்டாதானே சார். டீச்சர்னா அந்த ரூமுக்குள்ளயே விட மாட்டாங்க.

வெட்டிஆபீசர்:
போர்டு கீர்டு எல்லாம் எதுக்குங்க, வெளங்காத வேலை. வெனிசுவேலாவுல எல் சிஸ்டமான்னு ஒண்ணு, 1975ல ஹோசே அந்தோனியோ அப்ரேயுன்னு ஒரே ஒரு மனுஷன் கையில ஆரம்பிச்சது, ஏழைப் பசங்களுக்கு இலவசமா வாத்தியம் குடுத்து ஆர்கெஸ்ட்ரா கட்டுனார். குஸ்தாவோ டூடமெல் மாதிரி உலகம் பூரா பேர் வாங்குன, ஆர்கெஸ்ட்ராவை முன்னாடி நின்னு நடத்துற கண்டக்டர் அங்க இருந்துதான் வந்தார். கமிட்டி போட்டு வளந்தாரா அவர்? கனவு இருக்குற ஒருத்தர் போதும், மத்தவங்க வழிவிட்டா சரி.

ராத்திரிடூட்டி:
பாஸ், அதே கதையோட மிச்சத்தையும் சொல்லுங்க. எல் சிஸ்டமா ஓடுனது பெரும்பாலும் அரசாங்கக் காசுல. 2017ல டூடமெல் அந்த அரசாங்கத்தை விமர்சிச்சு பத்திரிகையில எழுதுனார், கொஞ்ச நாள்லயே அவர் கூட்டிட்டு போக இருந்த தேசிய இளைஞர் ஆர்கெஸ்ட்ராவோட அமெரிக்க டூர் ரத்து. மாசக்கணக்கா பிராக்டிஸ் பண்ண பசங்களுக்குத்தான் நஷ்டம். காசு குடுக்குறவன் கோபப்பட்டா நடுவுல நின்னு தாங்குறதுக்கு யாராவது வேணும், அதுக்குத்தான் யார் கைக்கும் அடங்காத ஒரு போர்டு.
தனி ஆள் கனவுக்கு இன்னொரு உதாரணமும் இருக்கு, லண்டன்ல கிட்ஸ் கம்பெனி. 1996ல ஆரம்பிச்சது, கஷ்டத்துல இருக்குற பசங்களுக்கான அமைப்பு, கலை அதுல பெரிய பங்கு, 2005ல டேட் மாடர்ன்ங்கிற பெரிய கலைக்கூடத்துல பசங்க செஞ்ச படைப்புகளை கண்காட்சியா கூட வெச்சாங்க. ஆரம்பிச்ச அம்மாவுக்கு மவுசுன்னா அப்படி ஒரு மவுசு, மந்திரிங்க எல்லாம் கூட நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. 2015 ஆகஸ்ட்ல இழுத்து மூடியாச்சு, அதுக்கு சில நாள் முன்னாடிதான் அரசாங்கம் 30 லட்சம் பவுண்டு குடுத்திருந்துச்சு. கையில சேமிப்பே இல்ல. போர்டு தலைவர் 2003ல இருந்து கடைசி வரைக்கும் அதே ஆள். 2016ல பார்லிமெண்ட் கமிட்டி அறிக்கை டிரஸ்டிங்களை, அதாவது அந்த போர்டு மெம்பர்களை, வறுத்து எடுத்துச்சு. கேள்வி கேக்க வேண்டிய நேரத்துல யாரும் கேக்கல, அதான் கதை.

நாடகடீச்சர்:
நீங்களும் பாதிதான் சொல்றீங்க. அந்த டிரஸ்டிங்க இனிமே கம்பெனி டைரக்டரா இருக்கக்கூடாதுன்னு கேஸ் போட்டாங்க இல்ல, 2021ல லண்டன் ஹைகோர்ட் அதை தள்ளுபடி பண்ணிடுச்சு. சம்பளம் இல்லாம இவ்வளவு அக்கறையா உழைச்சவங்களை இப்படி துரத்துனா நாளைக்கு எந்த நல்ல ஆளு டிரஸ்டியா வருவான்னு நீதிபதியே கவலைப்பட்டாங்க.

ராத்திரிடூட்டி:
ஆமா, ஒத்துக்குறேன். ஆனா அடுத்த வருஷமே சாரிட்டி கமிஷன், அதான் அங்க தொண்டு அமைப்புகளை கண்காணிக்கிற அரசு அமைப்பு, அதோட அறிக்கையில நிர்வாகக் கோளாறு இருந்துச்சுன்னு எழுதுனாங்க, தொழிலாளிங்களுக்கும் வரி ஆபீசுக்கும் குடுக்க வேண்டியதை நேரத்துக்கு குடுக்கலங்கிறது அதுல ஒண்ணு. அந்த டிரஸ்டிங்க கெட்டவங்கன்னு நான் சொல்லவே இல்ல. கெட்டவங்களா இருந்தா கண்டுபிடிக்கிறது ஈசி. நல்லவங்க, டைரக்டர் மேல பக்தியா இருந்தவங்க, அதுதான் சிக்கலே.

வெட்டிஆபீசர்:
பெரிய பெரிய உதாரணமா போட்டு மடக்குறீங்க, நம்ம தெருமுனை ஓவிய கிளாஸுக்கு இதெல்லாம் தேவையா 😅

திரைக்குப்பின்னால்:
தேவைதான் தல, சின்ன இடத்துலதான் ஜாஸ்தி தேவை. நான் இந்த மாதிரி அமைப்புகளுக்கு ஆபீஸ் வேலை பாக்குறவன். வாத்தியம் வாங்கன்னு ஒருத்தர் குடுத்த காசை டீச்சர் சம்பளத்துக்கு திருப்புனா அது சின்ன அட்ஜஸ்ட்மெண்ட் கிடையாது, நாளைக்கு குடுத்தவர் கேட்டா வாத்தியமும் இருக்காது காசும் இருக்காது. லீவு மாசத்துல ஃபீஸ் வராது, ஆனா வாடகை வரும், அதுக்கு எத்தனை மாச செலவை கையில வெச்சிருக்கோம்னு போர்டு கேக்கலன்னா வேற யாரு கேப்பா? காசை விட முக்கியமா இன்னொண்ணு, பசங்க பாதுகாப்பு. பாட்டு, டான்ஸ் எல்லாம் தனியா உக்காந்து சொல்லிக்குடுக்குற வேலை, மூடுன கதவுக்குள்ள ஒரு பெரியவர் ஒரு சின்ன பையன்னு இருக்கவே கூடாது. கதவுல கண்ணாடி இருக்கா, புதுசா வர்ற டீச்சரோட பழைய இடத்துல விசாரிச்சாங்களா, பசங்க போட்டோவை இணையத்துல போட பெத்தவங்க சம்மதம் வாங்குனாங்களா, ஒரு பையனுக்கு டீச்சர் மேல புகார்னா டைரக்டரைத் தாண்டி யார்கிட்ட போறது? இந்த கடைசி கேள்விக்கு பதில் இல்லாத அமைப்பு நிறைய. இதெல்லாம் கிளாஸ்குள்ள மூக்கை நுழைக்கிறதுன்னா, நுழைச்சே ஆகணும்.
ஆனா எந்தப் பயிற்சி, எத்தனை பேர், எந்த நாடகம், அதுல டீச்சரம்மா சொல்றதுதான் சரி.

கொடைவள்ளல்:
யாரும் சொல்லாத ஒண்ணை நான் சொல்றேன், திட்டுங்க பரவால்ல. போர்டுக்கு வர்றவன் ஒண்ணு காசு குடுக்கணும் இல்ல காசு கொண்டு வரணும். அமெரிக்காவுல நிறைய அமைப்புல இதை எழுதியே வெச்சிருக்காங்க. அந்த பெரிய நிகழ்ச்சி இருக்கே, அதைப் பாத்துட்டுதான் நாங்க செக் எழுதுறோம். கண்ணாடிப் பயிற்சியை பாத்து யார் எழுதுவா?

முன்னாள்மாணவி:
கொடைவள்ளல் சார், உங்களை திட்டல, ஆனா அந்த மேடையில நின்னவ நான். 14 வயசுல சேந்தேன், இப்ப அதே அமைப்போட போர்டுல "இளைஞர் பிரதிநிதி". நிகழ்ச்சிக்கு ஒரு மாசம் இருக்கும்போதே கிளாஸ் நின்னுடும், ரிகர்சல் மட்டும்தான். நல்லா பாடுறவங்க நாலு பேருக்கு மைக், மத்தவங்க பின்வரிசையில வாயை அசைச்சா போதும்னு சொன்னாங்க. எனக்கு மைக் கிடைச்சுது, பக்கத்துல நின்னவளுக்கு கிடைக்கல, அடுத்த வருஷம் அவ சேரல. அதே சமயம் மேடையே வேணாம்னு சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன், கைதட்டல் கேட்ட அன்னைக்குத்தான் எங்கப்பா என்னை அடுத்த வருஷமும் அனுப்பலாம்னு முடிவு பண்ணார்.
போர்டைப் பத்தி சொல்லணும்னா, என்னை உக்கார வெச்சிருக்காங்களே தவிர ஓட்டு கிடையாது. பேப்பர் எல்லாம் முந்தின நாள் ராத்திரி வரும், மீட்டிங் காலேஜ் நேரத்துல. இங்கிலாந்துல கம்பெனியா பதிவு பண்ண சாரிட்டின்னா 16 வயசுலயே முழு டிரஸ்டியா ஆகலாம், எனக்கு 20 ஆச்சு, இன்னும் போட்டோவுக்கு மட்டும் கூப்பிடுறாங்க.

கொடைவள்ளல்:
சின்னப் பொண்ணு நீ, நல்லா பேசுற. ஆனா கணக்கு வழக்குல சிக்கல் வந்தா பொறுப்பு யாருது? ஓட்டு வேணும்னா அந்தப் பொறுப்பும் தலையில விழும், தெரியுமில்ல?

முன்னாள்மாணவி:
தெரியும் சார். இப்ப ஓட்டு போடுறவங்கள்ல எத்தனை பேருக்கு அது தெரியும்னுதான் எனக்கு சந்தேகம்.

திரைக்குப்பின்னால்:
😂 செம.

கணக்குப்பிள்ளை:
சரி, எல்லாத்தையும் படிச்சேன். அடுத்த மீட்டிங்ல மூணு விஷயம் எழுதிக் குடுக்கப் போறேன். நிகழ்ச்சிக்கு மொத்த செலவுல ஒரு உச்ச அளவு வெக்கணும், அதுக்கு மேல வேணும்னா அதுக்குன்னே தனியா ஸ்பான்சர் தேடிக்கணும். சேந்த பசங்க கணக்கோட பாதியில நின்னவங்க கணக்கும், ஏன் நின்னாங்கங்கிறதும் ஒவ்வொரு மீட்டிங்குக்கும் வரணும். அப்புறம் டைரக்டர் இல்லாம டீச்சர்கள் போர்டோட பேச வருஷத்துக்கு ஒரு தடவையாவது நேரம்.

நாடகடீச்சர்:
முதல் ரெண்டும் சரி. மூணாவதை அப்படியே வெக்காதீங்க, மாட்டிக்கப்போறது நாங்க. டைரக்டர் முதுகுக்குப் பின்னாடி கூட்டம் போட்டா அடுத்த டெர்ம் யாருக்கு கிளாஸ் இருக்கும்னு நினைக்கிறீங்க, எங்களுக்கு மணிக்கணக்குல சம்பளம், கான்டிராக்ட் கூட கிடையாது. அவங்க இருக்கும்போதே எங்களை கூப்டுங்க, பேசுறோம். அதுக்கு முன்னாடி எழுத்துல வேலை நிரந்தரம் குடுங்க.

ராத்திரிடூட்டி:
டைரக்டர் எதிர்ல எந்த டீச்சர் உண்மையை பேசுவாங்க மேடம்? நீங்களே பேசுவீங்களா?

நாடகடீச்சர்:
30 பேர் தீர்மானத்துக்கு அப்புறம் பேசுனேன். அதான் இப்ப வேற அமைப்புல இருக்கேன்.

கணக்குப்பிள்ளை:
அப்ப கான்டிராக்ட்டை முதல்ல வெக்கிறேன், மத்ததெல்லாம் அதுக்கு கீழ. பட்ஜெட்ல இடம் இல்லன்னு டைரக்டர் சொல்வாங்க, அப்ப அந்த ஹால் வாடகை பேப்பரை மறுபடி எடுத்து டேபிள்ல போடுறேன்.

கொடைவள்ளல்:
ஹால் சின்னதா போனா நான் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.