கொரோனா காலத்தில் எங்கள் பறவை நோக்கும் குழுவை நடத்திய அனுபவம்

கோவையில் ஞாயிறுதோறும் குளங்களுக்குச் சென்று பறவைகளைப் பார்ப்பதும், மாதம் ஒருமுறை குளக்கரையில் குப்பை பொறுக்குவதும் எங்கள் சிறு குழுவின் வழக்கம். 2020 மார்ச் ஊரடங்கோடு நின்றுபோன அதை 2021 மார்ச்சில் மீண்டும் தொடங்கியபோது, ஏற்பாடுகளைக் கவனித்தவன் என்ற முறையில் நான் செய்த தவறு ஒன்றை, இதே பொறுப்பில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அன்று ஆழியாறு அணைப் பக்கம் சென்றிருந்தோம். புறப்படும்போதே ஒவ்வொருவர் நெற்றியிலும் வெப்பமானி வைத்துப் பார்த்தோம். தண்ணீர் ஓரத்தில் பதினொரு பேரும் முகக்கவசத்தோடு ஆறடி தள்ளியே நின்றோம். திரும்பும் வழியில் வெயில் தாங்காமல் வேனின் கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டோம். முகக்கவசங்களைக் கழற்றி, பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட்டபடியே, பார்த்த பறவைகளின் பட்டியலை உரக்கச் சரிபார்த்தோம். ஐந்தாறு நாள்களுக்குள் நான்கு பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதினாறு நாள் மருத்துவமனையில் இருந்து மீண்டு வந்தார். அந்த நாள்களில் அவருடைய மகளிடமிருந்து தொலைபேசி அழைப்பு வரும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கியது.

திறந்த வெளியில் காற்று கலைத்துவிடுகிற நுண்துளிகள், மூடிய வண்டிக்குள் நெடுநேரம் மிதந்துகொண்டே இருக்கும். காய்ச்சல் இல்லாதவரும் தொற்றைப் பரப்பக்கூடும் என்பதால், வெப்பமானியில் தெரிந்த எண் எங்களுக்குப் பொய்யான தைரியத்தையே தந்தது. பயணத்தையும் சாப்பாட்டையும் நான் திட்டத்தில் சேர்க்கவே இல்லை.

அந்த மே மாத இறுதியில் கோவையின் அன்றாடத் தொற்று எண்ணிக்கை சென்னையையே தாண்டியது. வெளியே போவது பற்றி யாரும் பேசவில்லை. அலை தணிந்த பிறகு, வேனை அடியோடு விட்டுவிட்டு அவரவர் இருசக்கர வண்டியில் வரச் சொன்னோம். ஒரு குழுவுக்கு ஐந்து பேர்தான். ஒவ்வொரு வாரமும் அதே ஐந்து பேர். தேநீரை அவரவர் பிளாஸ்கில் கொண்டுவந்து, தள்ளி நின்று குடித்தோம். உடம்பு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் மேற்கொண்டு கேள்வி கேட்கக் கூடாது என்றும், தொற்று வந்தால் மற்ற நால்வருக்கும் தெரிவிக்கும் பொறுப்பு ஒருவருடையது என்றும் எழுதியே வைத்தோம். கேலிக்கும் கோபத்துக்கும் பயந்து மறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்பதால், எங்கள் விதிகளில் இதைத்தான் முக்கியமானதாகக் கருதுகிறேன்.

பறவை பார்ப்பவர்களுக்கே உரிய சிக்கல்களும் இருந்தன. பறவை கலையாமலிருக்கத் தணிந்த குரலில் பேசுவோம். முகக்கவசத்துக்குள்ளிருந்து வரும் அந்தக் குரல் கேட்காமல், பக்கத்தில் இருப்பவர் காதைக் கொண்டுவந்து தோளோடு ஒட்டி நிற்பார். ஆகவே நேரெதிரே பன்னிரண்டு மணி என்று திசையைக் கடிகார மணியாக வைத்துக்கொண்டு, "பத்து மணி, கோரைக்குள், நீலத்தாழைக்கோழி" என்று எழுதிய சிறு பலகையைத் தூக்கிக் காட்டப் பழகினோம். இருநோக்கியை (பைனாகுலரை) கைமாற்றுவதையும் நிறுத்தினோம். அது இல்லாத மாணவர்களுக்கு ஆளுக்கொன்றாக இரவல் கொடுத்தோம். திரும்பி வந்ததும் கண்ணோடு ஒட்டும் ரப்பர் விளிம்பை மட்டும் சானிடைசர் நனைத்த துணியால் துடைத்தோம். ஆல்கஹால் கலந்த அந்த நீர்மம் கண்ணாடியின் மேற்பூச்சைக் கெடுத்துவிடலாம் என்பதால் அதில் படவிடவில்லை. குப்பை பொறுக்கும் நாளில், சீமைக்கருவேல முள்ளில் மாட்டிக் கிடந்த முகக்கவசங்களை நீண்ட இடுக்கியால் மட்டுமே எடுத்துத் தனிப் பையில் கட்டினோம்.

2022 ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வந்தபோது ஒமைக்ரான் பரவிக்கொண்டிருந்தது. 16ஆம் தேதி ஞாயிறு முழு ஊரடங்கு. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே கணக்கெடுப்பில் சேரலாம் என்பதால், அன்று எல்லோரும் அவரவர் மொட்டைமாடியிலேயே நின்றோம். என் பட்டியலில் மைனா, மாடப்புறா, காகம், பனை உழவாரன், கரும்பருந்து இருந்தன. அந்த ஆசிரியர் தம் வீட்டு முருங்கையில் ஒரு ஜோடி சின்னானைப் பார்த்ததாக எழுதி அனுப்பியிருந்தார்.